தட்டாத வரி

ஜூன் 3, திங்கள்

எட்டு முடிந்தது. ஒன்று பாக்கி.

நாங்கள் சர்வர்களில் ஓட்டுகிற லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் பதிப்புக்கு இந்த மாதம் முப்பதாம் தேதியோடு ஆயுள் முடிகிறது. அதற்கப்புறம் அதில் ஓட்டை தெரிந்தால் அடைத்துத் தர ஆள் கிடையாது. ஒரு வருஷமாகக் கத்துகிறேன். நந்தகோபால் சார் மே மாதம்தான் காது கொடுத்தார். முதலாளியான அவருக்குக் கம்ப்யூட்டர் என்றால் திரை பெரிதாக இருக்கிற கால்குலேட்டர். பூவன், ரஸ்தாளி, நேந்திரன் என்று எட்டு சர்வர்களைப் புதிய பதிப்புக்கு மாற்றியாயிற்று. வாழைப்பழப் பெயர்கள் நான் வைத்ததல்ல. நானாக இருந்தால் எண் வைத்திருப்பேன்.

பாக்கி இருப்பது மொந்தன். பஸ் டிக்கெட் விற்கிற எங்கள் தளத்தின் வயிறே அதுதான். ஊரடங்கு நேரத்தில் ஏற்றியது. அன்றிலிருந்து ஒருமுறைகூட அணைத்து எழுப்பியதில்லை. இன்றோடு 1,100 நாள். ஆயுத பூஜைக்கு அந்த எண்ணைத் திரையில் வரவழைத்து, அதன் மேலேயே சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். அந்த மானிட்டரில் கறை இன்னும் போகவில்லை. "மூணு வருஷமா நின்னதே இல்லைங்க" என்று சார் பஸ்காரர்களிடம் பெருமை பேசுவார். நிற்காததில் என்ன பெருமை? நின்றால் எழுந்திருக்குமா என்பதல்லவா கேள்வி.

போன வாரம் காசுக்கு சாஃப்ட்வேர் விற்கிறவன் ஒருவன் வந்து போனதிலிருந்து சாருக்குச் சந்தேகம். இன்று கேட்டார்.

"ஏனுங் வளவன், ஓசில வர்றதுக்கு யாருங் பொறுப்பு?"

"ஒவ்வொரு வரிக்கும் எழுதினவன் பேர் இருக்கு சார். உலகத்துல யார் வேணா திறந்து படிக்கலாம். தப்புப் பண்ணினா ஒளிக்க இடமே கிடையாது."

ஜன்னல் பக்கம் இருந்த தஸ்லீம் பானு இதைக் கேட்டுச் சிரித்தார். பிப்ரவரியில் சேர்ந்தவர். மேலப்பாளையம். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். குழந்தைக்காக ஆறு வருஷம் வேலையை விட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார். ஜூலையோடு ப்ரொபேஷன் முடிகிறது. சர்வரில் எதைத் தொடுவதென்றாலும் முதலில் கோடு போட்ட நோட்டில் படிப்படியாக எழுதி, ஒவ்வொன்றாக டிக் அடித்துத்தான் செய்வார். நான் நாலு நிமிஷத்தில் முடிப்பதற்கு அவருக்கு நாற்பது. கையெழுத்துப் போட்டிக்கு வந்த மாதிரி.

அவர் சேர்ந்த அன்று மதியம் சாப்பிடும்போது என் போகிக் கதையைச் சொன்னது ஞாபகம் வருகிறது. இரண்டரை வருஷத்துக்கு முந்தைய பொங்கல். 'காவல்' ஓடிக்கொண்டிருந்த பழைய சர்வர் செத்துவிட்டது. காவல் என்பது ஒரு சின்ன ப்ரோக்ராம். ஒரு சீட்டை ஒருத்தர் தேர்ந்தெடுத்ததும் மற்றவர்களுக்கு அதை மூடிவிடும். அது இல்லாவிட்டால் ஒரே சீட்டை இரண்டு பேர் வாங்கலாம். எல்லோரும் ஊருக்குப் போய்விட, நான் மட்டும் தனியாக உட்கார்ந்து, முப்பது நிமிஷத்தில் அதை மொந்தனுக்கு மாற்றி ஓட விட்டேன். சார் அந்த வருஷம் எனக்குக் கோப்பை கொடுத்தார். மேசையில் இருக்கிறது. பேனா போட்டு வைத்திருக்கிறேன்.

ஜூன் 5, புதன்

சர்வர் வாடகைக்குக் கொடுத்திருக்கிற இடத்திலிருந்து கடிதம். பழைய பதிப்பில் பாதுகாப்பு ஓட்டை. திங்களுக்குள் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் இணைப்பைத் துண்டிப்போம் என்கிறார்கள். அடைத்தபின் மெஷினை அணைத்து எழுப்பியாக வேண்டும். எட்டு தயார். மொந்தன்?

சாருக்கு முகம் செத்துவிட்டது. 1,100 நாள் போய்விடுமே என்கிறார். வீட்டு வாசலில் நம்பர் பலகையா மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. ஞாயிறு முற்பகல், விற்பனை மந்தமாக இருக்கும்போது செய்வதென்று முடிவு. எனக்கு அன்று பொள்ளாச்சியில் நண்பன் கல்யாணம். தஸ்லீம் செய்கிறேன் என்றார். அவர் எழுதிய பட்டியலைப் பார்த்தேன். பதினேழு படி. மூன்றாவது படியோடு படிப்பதை நிறுத்திவிட்டுச் சரி என்றேன்.

ஜூன் 9, ஞாயிறு

கல்யாணம் நன்றாக நடந்தது. பந்தியில் ரசம் இலையை விட்டு ஓடிக்கொண்டிருந்தபோது தஸ்லீமின் ஃபோன். ஒரு கையால் ரசத்துக்கு அணை கட்டிக்கொண்டு பேசினேன். ஏதோ கேட்டார், இல்லை என்றேன். எழுப்பிவிட்டேன், எல்லாம் பச்சையாகக் காட்டுகிறது என்று பன்னிரண்டு மணிக்குச் செய்தி அனுப்பினார்.

மொந்தன் 1,106 நாளில் அவுட்.

ஜூன் 10, திங்கள்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதாதது நடக்காதது என்பது என் கொள்கை. எழுதுகிறேன்.

நேற்று மதியம் பன்னிரண்டிலிருந்து இன்று மாலை நாலு வரை தளம் ஒரே சீட்டை இரண்டு பேருக்கு விற்றிருக்கிறது. 212 சீட்டுகள். பக்ரீத் விடுமுறைக்குக் கூட்டமாக வாங்குகிற நேரம். மதுரைப் பஸ்காரர் ஒருவர் கூப்பிட்டு, பதினாலாம் நம்பர் சீட்டுக்கு ஒரு சுமதியும் ஒரு அந்தோணிசாமியும் இருக்கிறார்கள், இரண்டு பேரும் ஒருத்தர் மடியில் ஒருத்தர் உட்காருவார்களா என்று கேட்டபிறகுதான் தெரிந்தது.

பெரும்பாலானவை வரப்போகிற பயணங்கள். மாற்றிக் கொடுக்கலாம். நேற்று மாலையே கிளம்பிய பஸ்களுக்கு என்ன செய்வது? காந்திபுரத்தில் அடிதடி. சென்னையில் இன்று காலை அரசு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு இருந்த ஒரு பெண்ணை நேற்று பஸ்ஸிலிருந்து இறக்கி விட்டிருக்கிறார்கள். இன்று மதியம் அவள் ஃபோன் பண்ணினாள். தஸ்லீம்தான் எடுத்தார். அவள் திட்டவில்லையாம். இதற்கு எங்கே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்டாளாம்.

காவல் ஓடவில்லை. அவ்வளவுதான் விஷயம். மொந்தன் எழுந்தது, தளம் எழுந்தது, காவல் மட்டும் எழவில்லை. காவல் பதில் சொல்லாவிட்டாலும் விற்பனை நிற்கக் கூடாது என்பது சார் கேட்டு வாங்கிய ஏற்பாடு. அதனால் எந்த விளக்கும் சிவக்கவில்லை.

இரண்டு நிமிஷத்தில் சரி செய்துவிட்டேன். லினக்ஸில் இதற்கு இரண்டு கட்டளை. 'ஸ்டார்ட்' என்றால் இப்போது ஓடு. 'எனேபிள்' என்றால் இனி எப்போது மெஷின் எழுந்தாலும் நீயாக ஓடு. முதலாவதை மட்டும் தட்டினால் எல்லாம் ஒழுங்காக இருப்பது போலவே இருக்கும். ஒரு வருஷம், இரண்டு வருஷம் இருக்கும். மெஷின் நின்று எழும் நாளில்தான் தெரியும். காலேஜ் பையன்கூட இந்தத் தப்பைப் பண்ண மாட்டான்.

நான் இன்று இரண்டையும் தட்டினேன்.

ஜூன் 11, செவ்வாய்

மெஷினில் யார் எதைத் தட்டினாலும் தேதியோடு ஒரு கோப்பில் பதிவாகும். அதைத் திறந்து பார்த்தேன். காவலுக்கு 'ஸ்டார்ட்' இருக்கிறது. 'எனேபிள்' இல்லை. அந்த வரியில் பெயர் இல்லை. இங்கே எல்லோரும் ஒரே பொதுக் கணக்கில்தான் உள்ளே போகிறோம். தனித்தனிக் கணக்கு வேண்டும் என்று நானே நாலு முறை சொல்லியிருக்கிறேன். யார் வேண்டுமானாலும் தட்டியிருக்கலாம்.

தேதி ஜனவரி 13.

வெயில் அதிகம். ஏசி வேலை செய்யவில்லை. எலெக்ட்ரீஷியனை வரச் சொல்ல வேண்டும்.

ஜூன் 12, புதன்

அந்த வருஷத்து டைரியைத் தேடினேன். கிடைக்கவில்லை. வீடு மாற்றியபோது போயிருக்கும்.

சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பஸ்காரர்களுக்குக் கொடுக்க ஒரு அறிக்கை வேண்டுமாம், என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று. "நீங்க எழுதுங்க, உங்களுக்குத்தான் தெரியும்" என்றார். தஸ்லீம் எழுப்பிய பிறகு காவலைப் பார்த்தாரா என்று கேட்டார். அவருடைய பட்டியலில் காவல் இல்லை என்றேன். அது உண்மை. அது ஏன் பட்டியலில் இல்லை, யார் சொல்லாமல் விட்டது என்று அவர் கேட்கவில்லை.

எலெக்ட்ரீஷியன் வரவில்லை.

ஜூன் 14, வெள்ளி

அறிக்கை அனுப்பிவிட்டேன். ஒன்றரைப் பக்கம். நடுவில் இப்படி ஒரு வாக்கியம்: "மறுதொடக்கத்துக்குப் பின் காவல் சேவை இயங்குகிறதா என்ற சரிபார்ப்பு மேற்கொள்ளப்படவில்லை." எழுதி முடித்து மூன்று முறை படித்தேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை. இருந்தும் படிக்கிற யாருக்கும் ஆள் தெரியும்.

நகல் தஸ்லீமுக்கும் போனது. படித்துவிட்டு, நோட்டைத் திறந்து ஒரு பக்கத்தைப் பார்த்தார். மூடினார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன்.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத். ஆபீஸ் விடுமுறை. மொந்தனுக்குப் பதில் வரப்போகிற புது மெஷினைத் தயார் செய்யப் போனேன். தஸ்லீம் இருந்தார். ஊருக்குப் போகவில்லையா என்றேன். இரண்டு முறை விற்ற சீட்டுகளில் இன்னும் இருபத்தாறு பேரிடம் பேச வேண்டியிருக்கிறதாம். அவருடைய டிக்கெட்டையே அந்தப் பட்டியலில் ஒரு கிழவருக்குக் கொடுத்துவிட்டாராம். மகன் மேலப்பாளையத்தில் தஸ்லீமின் உம்மாவிடம் இருக்கிறான். மூன்றாம் வகுப்பு. வேலை நிரந்தரமானால் ஆகஸ்டில் இங்கே கூட்டிவந்துவிடலாம் என்று சிங்காநல்லூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பேசி வைத்திருக்கிறார்.

மதியம் அவன் வீடியோவில் வந்தான். புதுச் சட்டை. பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று திரும்பித் திரும்பிக் காட்டினான். நான் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போய்விட்டேன்.

ஜூன் 20, வியாழன்

புது மெஷின் ஓடுகிறது. ஒன்றும் விசேஷமில்லை.

ஜூன் 24, திங்கள்

சார் சொல்லிவிட்டார். தஸ்லீமை நிரந்தரமாக்கப் போவதில்லை. பஸ்காரர்களிடம் நடவடிக்கை எடுத்தோம் என்று ஏதாவது காட்ட வேண்டுமாம். அடுத்த திங்கள், ஜூலை ஒன்று, காலை பத்து மணிக்குக் கடிதம்.

"மொந்தன் வேலை முடியற வரைக்கும் அந்தம்மாகிட்டச் சொல்லிப்போடாதீங்க. பாதில விட்டுப்போட்டுப் போனா நமக்குத்தாங் கஷ்டம்."

சரி என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது. நேரே பேசுகிறவன் என்று எனக்கு ஊரெல்லாம் பேர்.

ஜூன் 26, புதன்

விற்பனையைப் புது மெஷினுக்குத் திருப்பினோம். பழைய மொந்தன் சும்மா ஓடுகிறது. தஸ்லீம்தான் படிகளை எழுதினார். இந்த முறை கடைசிப் படி வரை படித்தேன். எட்டாவது படி:

காவல் – ஸ்டார்ட் ☐
காவல் – எனேபிள் ☐

இரண்டு தனித்தனிக் கட்டம். ஒரே வரியில் எழுதியிருக்கலாமே என்றேன். "தனியா இருந்தாத்தான் ஒண்ணு விட்டுப்போச்சுன்னா வெள்ளையாத் தெரியும்" என்றார். டிக் அடித்து, பக்கத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். என் கையெழுத்து அவ்வளவு மோசம் என்று இன்றுதான் பார்த்தேன்.

ஜூன் 28, வெள்ளி

பழைய மொந்தனை அழிக்கிற நாள். ஹார்ட் டிஸ்கைத் துடைத்து, வாடகைக்குக் கொடுத்தவர்களிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதோடு அந்தக் கோப்பும் போய்விடும். மூன்று வருஷமாக அதில் தட்டிய எல்லா வரியும்.

அழிக்கிற வேலை தஸ்லீமுடையது. கட்டளையைத் தட்டிவிட்டு என்டரை அழுத்தாமல் என்னைப் பார்த்தார். நாலரை மணி இருக்கும். மற்றவர்கள் டீ குடிக்கக் கீழே போயிருந்தார்கள்.

"வளவன், அழிக்கதுக்கு முன்னாடி ஒரு நகல் எடுத்து வைக்கவா?"

வேண்டாம் என்றேன். எதற்கு என்றும் கேட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது.

அவர் நோட்டைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். ஜூன் 9. ஒன்பதாவது படிக்கு எதிரே: "மொந்தனில் கையால் ஓட விட்டது ஏதும் உண்டா? – வளவனிடம் ஃபோனில் கேட்டேன். இல்லை என்றார். 11.40."

"அந்த வரியையும் நான் பாத்துட்டேன்" என்றார். குரல் ஏறவே இல்லை. "சனவரி பதிமூணு. மொத நாளே நீங்கதான சொன்னீய, போகி அன்னைக்கு ஒத்தையில உக்காந்து காவலை ஓட விட்டேன்னு."

அப்படியானால் சாரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். என் கோபம் யார் மேல் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

"நான் சொன்னா அது புகாரு. நீங்க சொன்னாத்தான் அறிக்கை."

அவர், நகல் வேண்டாம் என்று பொறுப்பாளரான நான் சொன்னதாக நோட்டில் எழுதி, நேரம் போட்டு, டிக் அடித்தார். பிறகு என்டர்.

அழிந்து முடிய மூன்று மணி நேரம் ஆகும் என்று திரை சொன்னது. நான் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன். எந்த நிமிஷத்திலும் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

ஜூன் 29, சனி

சாரிடம் போய்ச் சொன்னேன். காலை பதினொன்று. தப்பு என்னுடையது, போகி அன்று ஸ்டார்ட் மட்டும் தட்டினேன், எனேபிளை விட்டுவிட்டேன், தஸ்லீம் கேட்டபோது யோசிக்காமல் இல்லை என்றேன், அறிக்கையில் அதை மறைத்தேன் என்று நாலு வாக்கியம். இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அவர் நம்பவில்லை.

இது நான் கணக்கில் எடுக்காத விஷயம். திட்டுவார், வெளியே போ என்பார் என்று நினைத்துத் தயாராகப் போயிருந்தேன். அவர் சிரித்தார். எனக்கு டீ வரவழைத்தார். அந்தம்மாவுக்குச் சின்னப் பையன் இருக்கிறான் என்று பாவம் பார்க்கிறீர்கள், நல்ல மனசு என்றார். பதிவு எங்கே என்று கேட்டார். நேற்று அழித்துவிட்டோம். அழிக்கச் சொன்னது நான். அந்தப் பதிவில் பெயர் இருந்ததா? இல்லை. தஸ்லீமின் நோட்டு இருக்கிறதே என்றேன். தன்னைக் காப்பாற்ற அந்தம்மா எழுதி வைத்திருக்கலாமே என்றார்.

"அந்தப் பொங்கலைக் காப்பாத்தினதே நீங்கதானுங். கோப்பை குடுத்தது நானுங். அதுல போய்த் தப்புன்னா, நான் எதுக்குங் குடுத்தேன்?"

நிற்காமல் ஓடியதற்கு மூன்று வருஷம் சந்தனம் வைத்தவர். அந்த எண்ணுக்குள் ஒரு ஓட்டை இருந்தது என்று அவர் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?

வெளியே வந்தபோது தஸ்லீம் இல்லை. சனிக்கிழமை அவருக்கு அரை நாள்.

ஜூன் 30, ஞாயிறு

இன்றோடு அந்தப் பதிப்பின் ஆயுள் முடிகிறது. அதை எழுதியவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். ஒருத்தனுக்கும் என்னைத் தெரியாது. ஒவ்வொரு வரியிலும் பெயரைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், தப்பான வரியிலும். அதைக் காட்டித்தான் நான் சாரிடம் பெரிய பேச்சுப் பேசினேன்.

பழைய டைரி கிடைக்கவில்லை என்று பன்னிரண்டாம் தேதி எழுதியிருக்கிறேன். கிடைத்தது. அன்றே கிடைத்தது. அலமாரியில், இருக்க வேண்டிய வரிசையில், மூன்றாவதாக. ஜனவரி 13 பக்கத்தை அன்று திறக்கவில்லை. இன்று திறந்தேன்:

"காவலை மொந்தனுக்கு மாற்றி ஸ்டார்ட் பண்ணியாச்சு. ஓடுது. எனேபிள் நாளைக்கு. பசி."

நாளைக்கு. அதற்கடுத்த பக்கம் பொங்கல். கரும்பு, கிரிக்கெட், வேறொன்றும் இல்லை.

ஆக, மறந்ததுகூட இல்லை. தெரிந்து, தள்ளி வைத்து, அப்புறம் மறந்தது. அந்தப் பதிவு அழிந்தாலும் இது இருக்கிறது. என் பேனா, என் மோசமான கையெழுத்து, அன்றைய தேதி. இதைப் போய் தஸ்லீம் எழுதியிருப்பார் என்று சார் சொல்ல முடியாது.

அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துக் கொண்டு போகலாமா என்று யோசித்தேன். ஒற்றைப் பக்கம் என்றால் நேற்றிரவு உட்கார்ந்து எழுதினாயா என்பார். முழு டைரியாகத்தான் கொடுக்க வேண்டும். அது மட்டும் கொடுத்தால் போதாது. ஜூன் 9-இல் நான் என்ன பதில் சொன்னேன் என்பதும், 14-ஆம் தேதி வாக்கியத்தை எப்படிச் செதுக்கினேன் என்பதும், வெள்ளிக்கிழமை மூன்று மணி நேரம் என்ன பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதும் இந்த டைரியில்தான் இருக்கின்றன. கால்குலேட்டர் பற்றியும் இருக்கிறது. கையெழுத்துப் போட்டி பற்றியும். படிக்கப் போகிறார்கள், அவரும், அவர் காட்டினால் தஸ்லீமும்.

ஒன்றையும் அடிக்கவில்லை. மேலே திரும்பிப் போய் எதையும் திருத்தவில்லை.

நாளை கடிதம் பத்து மணிக்கு. சார் ஒன்பதுக்கு வருவார். இரண்டு டைரியும் அவர் மேசையில் இருக்கும். கோப்பையும். பேனாக்களை எடுத்துவிட்டேன்.

சார், ஜனவரி 13-இல் மட்டும் பச்சை நூல் வைத்திருக்கிறேன். மற்றதை முதலிலிருந்து படியுங்கள்.

– எழில்வளவன்